பெற்றோலுக்கும் டீசலுக்கும் நான் பேசிய வழக்கு

கரவன் வண்டியை வாங்கிய பிறகுதான் அதை இழுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை என்பது என் கணவருக்கு உறைத்தது. ஓக்லாந்துக்குத் தெற்கே ட்ரூரிப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, வயதாகிவிட்டது, இனி ஓடித் திரிய ஏலாது என்று விற்றார்கள். உள்ளே இரண்டு கட்டில், ஒரு சின்ன அடுப்பு, கதவுக்குப் பின்னால் ஒரு மலசலகூடம். தகனினியில் கராஜ் வைத்திருக்கும் எங்கள் சிநேகிதர் ஒருவர் தன் வாகனத்தில் கொளுவி இழுத்து வந்து எங்கள் வீட்டு முன்புல்லில் அதை விட்டுவிட்டுப் போனார். பக்கத்தில் எங்கள் பழைய சின்னக் கார் நின்றது. இந்தக் கார் அதை இழுக்க வெளிக்கிட்டால் கரவன்தான் காரை இழுத்துக்கொண்டு போகும் என்று நான் பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கே யூட் தேடத் தொடங்கிவிட்டார்.

யூட் என்றால் முன்னால் ஐந்து பேர் இருக்கக்கூடிய, பின்னால் திறந்த தட்டுள்ள வாகனம். இந்த நாட்டில் தச்சு வேலை செய்கிறவர்களும் மாட்டுப்பண்ணை வைத்திருக்கிறவர்களும் அதில்தான் திரிவார்கள். இப்போது எங்கள் ஆட்களும் அரிசி மூட்டை ஏற்ற அதை ஓடுகிறார்கள். யூட் வாங்குவதென்று முடிவானதும் அவருக்கு மிஞ்சியது ஒரே கேள்விதான். பெற்றோலா, டீசலா?

அந்தக் கேள்விக்கு அவர் விடை கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதுதான் பல மாதமாக என் பிரார்த்தனை. ஏனென்றால் என் கணவர் வாகனமே ஓடக்கூடாத மனிதர். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அதை அவருக்குத் தெரியாமல் மறைத்தவள் நான்தான்.

மாசி மாதம் அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கடிதத்தில், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டு ஒரு பெட்டி இருந்தது. அதற்குக் காசு கேட்க மாட்டார்கள். தமிழ் என்று எழுதினால் ஒரு தமிழ்ப் பிள்ளை வந்து பக்கத்தில் இருந்து எல்லாம் சொல்லும். நாங்கள் வேண்டாம் என்று அடையாளம் போட்டோம். ஓக்லாந்தில் தமிழர் எத்தனை பேர்? யார் வந்தாலும் வெள்ளிக்கிழமை கோயிலில் எதிரே வரத்தான் போகிறார். அந்தப் பிள்ளை வாய் திறந்திருக்காது, அது அவர்களுடைய வேலைச் சத்தியம். என்றாலும் நோய் வருத்தம் வெளியில் தெரியக்கூடாது என்பது எங்கள் வீடுகளில் ஊறிப்போன ஒன்று. நான் வயோதிபர் இல்லத்தின் குசினியில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன், தாதிமாரோடு நாள் முழுக்கக் கதைக்கிறவள், நானே சொல்லிக் கொடுப்பேன் என்று கொஞ்சம் பெருமையும் இருந்தது.

டொக்டர் ஓர் இளம்பெண். கணினியில் அவருடைய இரண்டு கண்ணின் பார்வையையும் இரண்டு வட்டங்களாகக் காட்டினாள். வட்டங்களின் ஓரமெல்லாம் கறுப்பு, நடுவில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். கறுத்த இடமெல்லாம் போனது போனதுதான், மருந்து மிச்சத்தைக் காக்கத்தான் என்றாள். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இன்றிலிருந்து இவர் வாகனம் ஓடக்கூடாது, பகலிலும் கூடாது, பக்கவாட்டில் வரும் ஆளோ காரோ இவருக்குத் தெரியாது என்றாள். என்னைப் பார்த்து நிதானமாக இரண்டு முறை சொன்னாள்.

அவருக்கு வேலைத்தல ஆங்கிலம் நன்றாக வரும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்டகசாலையில் இருபது வருடம் பாரம் தூக்கும் போர்க்லிப்ட் ஓடியவர். முந்தின வருடம் அந்த இடத்தை மூடி ஆட்களை அனுப்பிவிட்டார்கள். டொக்டர்மாரின் ஆங்கிலம் அவருக்குப் பிடிபடாது, அதுவும் அன்று பயத்தில் ஒன்றுமே ஏறவில்லை. கண்மணி விரிய மருந்து விட்டிருந்தார்கள். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவிங் என்ற சொல் மட்டும் காதில் விழுந்திருக்கிறது.

"ஓடுறதைப் பற்றி என்னவாம்?" என்று கேட்டார்.

"இருட்டினாப் பிறகு ஓடவேண்டாமாம். மருந்தை ஒழுங்கா விட்டா உள்ளது உள்ளபடி இருக்குமாம்."

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த முகத்தைப் பார்த்து மற்றதைச் சொல்ல ஏலவில்லை, அவ்வளவுதான். அவருக்கு விளங்கிவிட்டதா என்று டொக்டர் கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன். அவரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

அன்று நான்தான் காரை மெல்ல மெல்ல ஓடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வழியில் அவர், உள்ளது உள்ளபடி இருக்கும்போதே இந்த நாட்டை ஒருக்காப் பார்த்துவிட வேண்டும் என்றார். வந்து இருபத்துமூன்று வருடம். பண்டகசாலையையும் கோயிலையும் விமான நிலையத்தையும் தவிர நாங்கள் எதைப் பார்த்தோம்? தெற்குத் தீவின் ஏரிகளை மற்றவர்களின் போனில்தான் பார்த்திருக்கிறோம். அவர் சொன்னது நியாயம். நான் கொடுத்த பொய்யில் அவர் ஒரு கரவனையே கட்டிவிட்டார்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாளைக்கு அவர் பேத்தியை ஏற்றிக்கொண்டு பாலர் பள்ளிக்குப் போய்விட்டார்.

பேத்திக்கு நாலு வயது. மகளும் மருமகனும் பிளாட் புஷ்ஷில் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் காலையிலேயே வேலை. விடிய ஆறரைக்குப் பிள்ளையை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டு மகள் மோட்டர்வேயில் ஏறிவிடுவாள். நான் அதற்கு முன்னமே வேலைக்குப் போய்விடுவேன். பிள்ளைக்குச் சாப்பாடு தீத்தி, தலை வாரி இழுத்து, எட்டரைக்குக் கொண்டுபோய் விடுவது அவர் பொறுப்பு. வேலை போன மனிதருக்கு அந்த ஒன்றுதான் காலையில் எழும்ப ஒரு காரணமாக இருந்தது.

பத்து நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. வீட்டுக்கு வரும் கடிதங்களை உடைத்து வாசிப்பது எப்போதும் நான்தான். வாகனம் ஓடக்கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்தது. வாசித்து மடித்து என் சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.

பிறகு நான் செய்யாத வேலை இல்லை. பாலர் பள்ளி நடந்துபோகிற தூரம்தானே, வைத்தியர்கள் எல்லாரும் நடக்கத்தானே சொல்கிறார்கள் என்றேன். மழை வந்தால் என்ன செய்கிறது என்றார். ஓக்லாந்தில் மழையைக் காரணம் காட்டினால் யாரும் எதிர்க்கதை சொல்ல ஏலாது. கார்த் திறப்பை ஒளித்து வைத்தேன், அவர் மற்றத் திறப்பை எடுத்துக்கொண்டு போனார். குசினி மேற்பார்வையாளரிடம் கெஞ்சி செவ்வாயும் வியாழனும் பின்நேர வேலைக்கு மாறினேன். அந்த இரண்டு நாளும் பிள்ளையை நான் கொண்டுபோனேன். மிச்ச மூன்று நாளும் இல்லத்தில் ரொட்டிக்கு வெண்ணெய் பூசிக்கொண்டு எட்டரை ஆவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எட்டே முக்காலுக்கு வீட்டுக்குப் போன் எடுப்பேன். அவர் எடுத்து ஹலோ என்றால் ஒன்றும் இல்லை, அரிசி ஊறப்போடச் சொல்லத்தான் எடுத்தேன் என்பேன். இந்த மனுசிக்கு அரிசிப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று மகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இப்படியிருக்கத்தான் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் வழக்கு நடக்கும். டீசல் கட்சிக்குக் கராஜ்காரச் சிநேகிதர். பெற்றோல் கட்சிக்குப் பக்கத்து வீட்டுத் தம்பி, கோயம்புத்தூர்க்காரர், கணினி வேலை. கரவனின் கதவைத் திறந்து வைத்து, அதன் படியிலும் இரண்டு கதிரையிலும் மூன்று பேரும் இருப்பார்கள். நான் தேத்தண்ணீர் கொண்டுபோவேன்.

டீசலுக்கு இழுவை அதிகம், இரண்டு தொன் கரவனைக் கொளுவிக்கொண்டு மலை ஏறினால் பெற்றோல் எஞ்சின் மூச்சு வாங்கும் என்பார் சிநேகிதர். வருடத்துக்கு இரண்டு பயணத்துக்காக வருடம் முழுக்க டீசலின் சத்தத்தைக் கேட்க வேண்டுமா என்று தம்பி கேட்பார். அவர் மடிக்கணினியில் ஒரு பெரிய அட்டவணையே போட்டு வைத்திருந்தார். "பேசாம பெட்ரோல் எடுங்க அண்ணா, தலைவலியே இல்ல" என்பது அவருடைய முடிந்த முடிவு.

முதல் சனிக்கிழமையே என் கணவர் டீசல் பக்கம் சாய்ந்துவிட்டார். மண்டைக்குள் வந்ததைச் சொன்னேன். டீசல் வாகனத்துக்கு ஓடப்போகிற தூரத்துக்கு முன்கூட்டியே வரி கட்டிச் சீட்டைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டுமே, பெற்றோலென்றால் அடிக்கிற இடத்திலேயே வரியும் போய்விடுமே, நீங்கள் மறதிக்காரர், யார் அதை ஞாபகம் வைத்திருக்கிறது என்றேன். தம்பி கைதட்டினார். என் கணவர் யோசித்தார். அந்தக் கிழமை தப்பியது.

அடுத்த கிழமை பெற்றோல் பக்கம் சாய்ந்தார். உடனே நான் டீசலுக்கு மாறினேன். இந்த நாட்டில் பெற்றோல் யூட் தேடினாலும் கிடைக்காது, கிடைத்தாலும் திரும்ப விற்க ஏலாது என்றேன். எங்கள் வயோதிபர் இல்லத்தில் ஒரு முன்னாள் விவசாயி இருக்கிறார். கரவனை இழுத்துக்கொண்டு நாடு முழுக்கத் திரிந்த மனிதர். காலையில் அவருக்குக் கஞ்சி கொண்டுபோகும்போது ஒரு கேள்வி கேட்பேன். அவர் ஆசையோடு சொல்லித் தருவார். டீசலின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு, சும்மா பள்ளிக்கும் கடைக்கும் ஓடினால் அது அடைத்துக்கொள்ளும் என்று அவர்தான் சொன்னார். அதைக் கொண்டுவந்து விட்டதில் டீசல் கட்சி ஒரு மாதம் வாயடைத்துப் போனது.

"அக்கா, நீங்கள் எங்கடை கராஜுக்கு வேலைக்கு வரலாம்" என்றார் சிநேகிதர்.

எல்லாரும் சிரித்தார்கள். என் கணவர் பெருமையோடு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மனிதர் ஒரு கனவைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறார், நான் அது நடக்காமல் இருக்க ராப்பகலாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். என்னைப்போல ஒரு கள்ளி இருப்பாளா என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஆடி மாதம் ஒரு நாள் நானும் காரில் இருந்தேன். மருந்துக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தோம். இடப்பக்கத்திலிருந்து ஒரு பெண், கைக்குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு கடவையில் இறங்கினாள். அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஆள், ஆள் என்று கத்தினேன். கார் குலுங்கி நின்றது. அந்தப் பெண் எங்களைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். அவரோ, இதுகள் எங்கையிருந்துதான் குதிக்குதுகளோ என்று எரிந்து விழுந்தார். அவருக்கு அவள் குதித்தவள்தான். அன்று வீட்டுக்கு வந்து இன்றைக்குச் சொல்லியே தீருவேன் என்று அவர் முன்னால் போய் நின்றேன். பேத்தி அவர் மடியில் இருந்து தெற்குத் தீவின் வரைபடத்தில் பெரிய பெரிய வட்டங்களாக ஏரி கீறிக்கொண்டிருந்தது. என்ன என்று கேட்டார். சாப்பிடுவோமா என்றேன். ஒவ்வொரு நாளும் பிந்தப் பிந்த அந்தப் பொய்க்கு வட்டி ஏறிக்கொண்டே போனது. முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு பொய். ஆடியில் சொன்னால் இத்தனை காலை, இத்தனை எட்டரை மணி.

ஐப்பசியில் என் வாதங்கள் தீர்ந்துவிட்டன. சிநேகிதர் நல்ல டீசல் யூட் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரே கை ஓடியது, கொளுவி எல்லாம் பூட்டியது. வடிகட்டிக்கு என்ன செய்கிறது என்று கேட்டேன். கிழமைக்கொரு தரம் ஹமில்டன் வரை மோட்டர்வேயில் ஒரு ஓட்டம் ஓடினால் கரி எல்லாம் எரிந்துவிடும் என்றார். தம்பியும் மடிக்கணினியை மூடிவிட்டு, "இந்த வண்டினா டீசலே ஓகே அண்ணா" என்றார். என்னைக் கேட்டார்கள். எட்டு மாதமாக வாய் ஓயாமல் கதைத்தவள், உங்கள் விருப்பம் என்றேன்.

சனிக்கிழமை காலை யூட் வந்தது. வாங்க முன்னம் கரவனைக் கொளுவி ஒரு சுற்று ஓடிப் பார்க்க வேண்டும் என்று சிநேகிதர் கொண்டுவந்திருந்தார். கொளுவினார்கள். சங்கிலி போட்டார்கள். பின் விளக்குகள் எரிகிறதா என்று தம்பி பார்த்துச் சொன்னார். மகளுக்கு அன்று வேலை, பேத்தி எங்களோடுதான் நின்றது. தானும் வருவேன் என்று அது ஒற்றைக் காலில் நிற்க, அதன் இருக்கையைப் பின்சீட்டில் பூட்டி என் கணவரே வார் போட்டுவிட்டார். என்னை எலுமிச்சம்பழம் வைக்கச் சொல்லிவிட்டு, ஓடுகிற இருக்கையில் ஏறி இருந்தார். புது வாகனம் உருள முன்னம் சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசிப்பது எங்கள் வழக்கம்.

தட்டில் கற்பூரமும் நாலு பழமும் கொண்டுவந்தேன். பின் சில்லு இரண்டுக்கும் வைத்தேன். வலப்பக்க முன் சில்லுக்கு வைத்தேன். சுற்றி இடப்பக்கத்துக்கு வந்து கடைசிப் பழத்தையும் வைத்து எழுந்து, கற்பூரம் கொளுத்த முன் மூலையில் நின்றேன். நல்ல வெயில். நான் சிவப்புச் சேலை கட்டியிருந்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தார். வாகனம் நகர்ந்தது. பழம் நசிகிற சத்தம் கேட்டது. தட்டு என் வயிற்றில் இடித்தது.

"அண்ணை, பொறுங்கோ, அக்கா நிக்கிறா" என்று சிநேகிதர் வலப்பக்கத்திலிருந்து சொன்னார்.

வாகனம் நின்றது. அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.

"எங்கை?" என்றார்.

பின்சீட்டில் பேத்தி எனக்குக் கை காட்டிக்கொண்டிருந்தது. தட்டைப் பொனட்டில் வைத்தேன்.

"இஞ்சதான் நிக்கிறன். உங்களுக்குத் தெரியேல்லை. டொக்டர் உங்களை இனி ஓடவே வேண்டாமெண்டு சொன்னவா. பகலிலையும் கூடாதெண்டு சொன்னவா. நான்தான் மாத்திச் சொன்னனான்."

பயந்து பயந்து நாங்கள் பொத்தி வைத்தது எங்கள் ஆட்கள் இரண்டு பேருக்கு முன்னால் புல்லில் கிடந்தது. எனக்கு அப்போது வெட்கம் வரவில்லை, களைப்புத்தான் வந்தது. அவர் எஞ்சினை நிறுத்தினார். இறங்கிப் பின்கதவைத் திறந்து, பிள்ளையின் வாரைக் கழற்ற முயன்றார். அது கழலவில்லை. தம்பி வந்து கழற்றிவிட்டார். சிநேகிதர் வாகனத்தைப் பின்னுக்கு எடுத்துக் கரவனைப் பழைய இடத்தில் விட்டுக் கழற்றிவிட்டு, வாகனத்தை எடுத்துக்கொண்டு போனார். பெற்றோல் என்றோ டீசல் என்றோ யாரும் வாய் திறக்கவில்லை.

குசினி மேசையில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். உப்புக் கூடினால் வீட்டை இரண்டாக்குகிற மனிதர், அன்று சத்தம் போடவில்லை.

"எப்ப சொன்னவா?"

"மாசியிலை. முதல் நாளே."

விரல் மடித்து எண்ணத் தொடங்கினார். மாதத்தை எண்ணுகிறார் என்று நினைத்தேன்.

"கிழமைக்கு மூண்டு நாள்" என்றார். "பிள்ளையைப் பின்னுக்கு வைச்சுக்கொண்டு. உமக்குத் தெரியும்."

"தெரியும்."

அதற்கு மேல் அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். நான் அழுது பார்த்தேன், அவர் பக்கத்தில் வரவில்லை. முன்னறையில் பேத்தி கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் போனை எடுத்து மகளுக்கு அடித்தார். அவளுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் கேட்க வேண்டும் என்றோ என்னவோ ஸ்பீக்கரில் போட்டார்.

எனக்குக் கண் ஓரம் தெரியாது, இனி நான் கார் ஓட மாட்டேன், பிள்ளையை ஏற்ற மாட்டேன் என்று நேரடியாகவே சொன்னார். மகள் இங்கே வளர்ந்தவள், பதற்றம் வந்தால் முழுக்க ஆங்கிலம்தான். எப்போதிலிருந்து என்று கேட்டாள். மாசியிலிருந்து என்றார். அவள் மனதுக்குள் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் எட்டு மாதமாக ஓடவிட்டது அதைத்தானே.

அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

நான் மேசையின் மற்ற மூலையில் இருந்தேன். அவர் முழுத் தலையையும் திருப்பித்தான் என்னைப் பார்க்க வேண்டியிருந்தது. திருப்பிப் பார்த்தார். கோபமா, இரக்கமா, எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

"இல்லைப் பிள்ளை" என்றார். "டொக்டர் சொன்னது எனக்கு அண்டைக்கே விளங்கினது. கொம்மா அப்ப வெளியிலை நிண்டவா, நான்தான் அவவுக்குச் சொல்லாமல் மறைச்சனான்."

மகள் அவரைத் திட்டத் தொடங்கினாள். என் பிள்ளையை என்ன செய்யப் பார்த்தீர்கள், இனி உங்களை எப்படி நம்புவது என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே போனாள். அவர் ஓம், ஓம் என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அந்தக் கையை மீறிக் கதைத்திருக்கலாம். கதைக்கவில்லை.

கடைசியில் மகள் அழுதுகொண்டு அம்மாவிடம் கொடுங்கள் என்றாள். அவர் போனை என் பக்கம் தள்ளினார். பாவம் அம்மா, நீங்கள் எவ்வளவு பயந்துபோயிருப்பீர்கள், ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறீர்களே என்றாள்.

ஓம் பிள்ளை என்றேன்.